மங்காத பச்சை

அம்மாவின் தோல் செல்களை எங்கள் ஆய்வகத்தில் நான்தான் வளர்க்கிறேன். அம்மா தவறிப்போன பிறகும் அவை பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன.

செல் பிரியும் முன் அதன் டிஎன்ஏ ஜிப் போலத் திறக்கும். ஒவ்வொரு பழைய இழையும் தனக்கு எதிரே ஒரு புது இழையைக் கட்டிக்கொள்ளும். அதனால் பழைய இழையில் ஏற்றிய சாயம் ஒவ்வொரு பிரிவிலும் பாதியாகி, சில வாரங்களில் மறைந்துவிட வேண்டும். அம்மா இருந்தபோது ஒரே தடவைதான் பச்சைச் சாயம் ஏற்றினேன். மாதங்கள் கழிந்தும் செல்கள் வளரும் தட்டு முழுக்க இன்னும் பளிச்சென்று ஒளிர்கிறது.

"மறுபடி சாயம் போட்டியாம்மா?" என்றார் ஆய்வகத் தலைவர்.

"இல்ல சார். எங்கம்மா பரிமாறினா கடைசி ஆளுக்கும் குறை இருக்காது."

சொல்லும்போதே என் தலை தானாக நிமிர்ந்தது.

நுண்ணோக்கியில்தான் கோளாறு என்று அவர் அடித்துச் சொன்னார். சாயமே படாத செல்லை வைத்துப் பார்க்க, தன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தார். வெறும் இருட்டு. கருவியில் பழுதில்லை.

அடுத்து என் கன்னத்தில் தேய்த்து வைத்தேன். அவர் குனிந்தார். அவர் கண்ணில் பச்சை விழுந்தது.

"உனக்கு எப்பம்மா சாயம் போட்டாங்க?"

"பொறக்கறதுக்கு முன்னாடியே சார்" என்றேன்.