வியாழக்கிழமை டாக்டர் வருகிறார்

ஹெர்பென் பட்டாணி சூப்பில் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை அப்படியே தரையில் வைத்தார். மேசைக்கடியில் கிடந்த மூஸ் எழுந்திருக்கப் பார்த்தது. பின்னங்கால்கள் வழுக்கிக்கொண்டு போனதால், படுத்தபடியே நக்கத் தொடங்கியது.

சாப்பிடுகிற கிண்ணத்தில் நாய் வாய் வைத்ததை யாரும் ஏனென்று கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று மிரேலாவுக்குத் தெரியும். எல்லாம்தான் வியாழக்கிழமையோடு முடியப்போகிறதே.

ருமேனியாவில் மலைப்பக்கத்து ஆட்டுப்பண்ணை ஒன்றிலிருந்து நெதர்லாந்தின் உட்ரெக்டுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வந்தவள் அவள். பல்கலைக்கழகம் பார்த்துக் கொடுத்த வீடு இது. வீட்டுக்காரி வீட்ஸ்கே, அவள் கணவன் ஷூர்ட், வீட்ஸ்கேயின் அப்பா ஹெர்பென், அப்புறம் இந்தக் கிழட்டு நாய்.

வந்த அன்றே மிரேலா ஒரு நிபந்தனை போட்டாள். தன்னோடு யாரும் இங்கிலீஷில் பேசக் கூடாது, டச்சு மட்டும்தான். பேசுவதில் பாதி புரிந்தது. புரியாத பாதிக்கும் சேர்த்துத் தலையாட்டினாள்.

அந்த முதல் நாள் சாப்பாட்டின்போதே வீட்ஸ்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள். வலி, வியாழக்கிழமை, டாக்டர், ஊசி, வீட்டிலேயே என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. ஷூர்ட் மூஸின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். சங்கடமாக இருந்தால் கொஞ்ச நாள் வேறு வீட்டில் தங்க ஏற்பாடு செய்வதாக வீட்ஸ்கே கடைசியில் சொன்னது மட்டும் முழுதாகப் புரிந்தது.

கால்நடை டாக்டராகப் போகிறவளிடம் இதைக் கேட்கிறார்களே என்று மிரேலாவுக்கு உள்ளூரச் சிரிப்பு. இங்கேயே இருந்துகொள்கிறேன், எனக்குப் பழக்கம்தான் என்றாள். வீட்ஸ்கே அவளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். கையில் பூங்கொத்து, ஆப்பிள் கேக். ஹெர்பெனோடு உட்கார்ந்து காபி குடித்துப் பழைய கதை பேசிச் சிரித்துவிட்டு, போகிறபோது குனிந்து மூஸின் காதை நீவிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியேறினார்கள். ஒரு நாய்க்கு இவ்வளவு கும்பலா என்று மிரேலா அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

யாரும் பார்க்காத நேரத்தில் மூஸை அவள் தொட்டுப் பார்த்திருந்தாள். இடுப்பு மூட்டு தேய்ந்திருந்ததே தவிர வேறு கோளாறு எதுவும் தட்டுப்படவில்லை. மாத்திரை கொடுத்தால் இன்னும் ஒரு வருடம் தாராளமாக ஓட்டும். ஆனாலும் வந்தவுடனேயே வீட்டுக்காரர்கள் எடுத்த முடிவில் மூக்கை நுழைத்து, கெட்ட பெயர் வாங்குவானேன் என்று வாயைத் திறக்கவில்லை.

இப்போது சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. வீட்ஸ்கே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாம செய்யறது சரிதானா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

நல்ல பெயர் வாங்க இதைவிடத் தோதான நேரம் வராது என்று மிரேலாவுக்குப் பட்டது. வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"ரொம்ப சரி வீட்ஸ்கே. இந்த வயசுக்கு மேல இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கறதுதான் பாவம்."

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஷூர்டின் கை நின்றது. வீட்ஸ்கே நிமிர்ந்து அவளையே பார்த்தாள்.

வினைச்சொல்லை இடம் மாற்றிப் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று மிரேலா நினைத்தாள். டச்சில் அவள் வழக்கமாகச் செய்கிற தப்பு அது. அதனால் அதே வாக்கியத்தைத் திருத்தி, நிறுத்தி நிதானமாக மறுபடியும் சொன்னாள்.

"எங்க பண்ணையில இவ்வளவு நாள் விட்டு வெச்சிருக்கவே மாட்டோம்," என்றும் சேர்த்துக்கொண்டாள். "தின்னது உடம்புல ஒட்டலேன்னா அப்பவே எங்கப்பா முடிச்சிடுவாரு."

மிரேலா, போதும் என்றான் ஷூர்ட் தணிந்த குரலில். பாவம், துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது. இவர்களால் இதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது என்றும் தோன்றியது.

"வியாழக்கிழமை நீங்க ரெண்டு பேரும் வெளியில போயிடுங்க. ஊசி போடறப்ப நான் பிடிச்சுக்கறேன். எனக்கும் கத்துக்கிட்ட மாதிரி இருக்கும்."

வீட்ஸ்கே எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சமையலறைக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம், அதையும் மீறி அழுகை. ஷூர்ட் எழுந்து பின்னாலேயே போனான்.

மேசையில் ஹெர்பெனும் மிரேலாவும் மட்டும் மிச்சம். கிழவர் அவளை வெகு சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முரண்டு பிடிச்சா?" என்றார்.

"வாயைக் கட்டிடுவேன் தாத்தா," என்றாள், பேசுவதற்கு ஒருவராவது இருக்கிறாரே என்ற நிம்மதியில். "கழுத்தை இப்படி அமுக்கிப் பிடிச்சா அசையவே முடியாது."

எப்படி என்று காட்ட அவள் கை மேசைக்கடியில் போனது. கிழவர் குனிந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அதை விடும்மா. ஊசி எனக்கு."