ஏழு மணி உலக்கை

"இந்த வீடே வேணாம் அமலு! நாளைக்கே காலி பண்றோம்!"

செபஸ்தியான் கத்தினான். கத்தினால்தான் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த போர்ஷன் கெங்கம்மாள் உலக்கை போட்டுக்கொண்டிருந்தாள். தும்... தும்... தும்...

அவன் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க். கல்யாணமாகி நாற்பது நாள். ஊருக்கு வெளியே, பாண்டி ரோட்டைத் தாண்டி, சுப்பராயலு கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டில் நடு போர்ஷன். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, பொதுக் கிணறு. சின்னச் சம்பளத்துக்குத் தோதான வாடகை.

"அஞ்சு குடும்பம் இருக்குது. ஒரு சத்தம் வராது. அவ்ளோ அமைதி" என்று சொல்லித்தான் சுப்பராயலு சாவி கொடுத்தார்.

ஊரில் பதினோரு பேர் இருந்த வீடு. பெண்டாட்டியோடு நாலு வார்த்தை பேச வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைக்குத்தான் போகவேண்டும். இங்கே வந்ததும் இரண்டு பேருக்கும் வாய் திறந்துகொண்டது.

ஏழு மணிக்கு டூட்டி முடிந்து வருவான். பார்சல் ஆபீசில் கூடை பிய்ந்து கோழிகள் ஓட, தான் துரத்திய கதையை நடித்துக் காட்டுவான். கோழியாகவும் அவனே நடிப்பான். அமல்ராணி தரையில் உருண்டு சிரிப்பாள்.

அவ்வளவுதான். தும்... தும்... தும்!

இவர்கள் இன்னும் சத்தமாகப் பேசுவார்கள். அங்கே உலக்கை இன்னும் வேகமாக விழும். அமல்ராணிக்கு அதுவும் சிரிப்பு. தாளத்துக்கு ஏற்ப இடுப்பை ஆட்டுவாள். அங்கே இன்னும் வேகம்.

ஒருநாள் கிணற்றடியில் கெங்கம்மாளிடமே கேட்டாள். "இன்னாக்கா, தினமும் இடிச்சிக்கினே இருக்கறீங்க?"

"கம்பும்மா."

"இருக்கறது ரெண்டு பேரு. தினமுமா கம்பு?"

கெங்கம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஜல்தியாக நடந்துவிட்டாள்.

"வயித்தெரிச்சலு" என்றான் செபஸ்தியான் இன்று, சுவரை முறைத்துக்கொண்டே. "நாம சிரிச்சா அதுக்குப் பொறுக்கல. இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துட்றேன்."

"ஏங்க, வேணாங்க!"

அவள் தடுப்பதற்குள் அடுத்த வாசலுக்குப் போய்விட்டான். கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தான்.

கெங்கம்மாள் உட்கார்ந்தபடி ஒரு கையால் விசிறிக்கொண்டே மறுகையால் இடித்துக்கொண்டிருந்தாள். உரலில் ஒரு மணி தானியம் இல்லை.

"காலி உரலு!" செபஸ்தியானுக்குக் குரல் உயர்ந்தது. "எங்கள வெரட்டறதுக்குத்தானேக்கா இந்த வேல? நாங்க உனுக்கு இன்னா பண்ணோம்?"

உலக்கை நின்றது. பின்னாலேயே ஓடிவந்த அமல்ராணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கெங்கம்மாள் சட்டென்று எழுந்து இரண்டு பேரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசு தம்பி" என்று கிசுகிசுத்தாள். "இது ஒத்தக்கல்லு சுவரு. ஒரு போர்ஷன்ல பேசினா அஞ்சு போர்ஷனுக்கும் கேக்கும்."

"அப்படின்னா..." அமல்ராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இங்க மத்தவங்கள்லாம் காதுலதான் பேசிக்குவாங்க. நீங்க புதுசு, தெரியாது. அதான் இடிச்சேன். நீங்க கத்தக் கத்த நானும் வேகமா இடிக்கணும், தோளே கழண்டு போச்சு. முந்தாநேத்து ஒரு நிமிசம் கை ஓஞ்சு நிறுத்திட்டேன். அப்பப் பாத்து ‘என் நெய் பிஸ்கோத்து’ன்னு கூப்ட்டியே தம்பி... கடசி போர்ஷன் வரைக்கும் போயிடுச்சு."

செபஸ்தியானுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அமல்ராணி அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குலுங்கினாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே புரியவில்லை.

"மொத நாளே சொல்லியிருக்கலாமேக்கா?" என்றான் அவன், தணிந்த குரலில்.

கெங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். மூலையில் அவள் புருஷன் பச்சைமுத்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"எங்களுக்கு அப்படித்தான் மொத நாளே ஒருத்தங்க வந்து சொன்னாங்க தம்பி. அன்னியோட பேச்ச நிறுத்தினவங்கதான் நானும் இவரும்... ஒம்போது வருசமாச்சு."