மாலை போட ஏறியவன்

"அவனெல்லாம் ஒரு நடிகனா புள்ள? ஆத்தா செத்துப்போன சீன்ல பல்லு வலிக்காரன் மாதிரி நிக்கிறான். அதுக்கும் கை தட்டுறாய்ங்க."

டவுன் பஸ் படியில் தொற்றிக்கொண்டு, தங்கை முனியாயியிடம் சோணைமுத்து பேசிவிட்டுப் போன கடைசிப் பேச்சு அதுதான். திட்டு வாங்கியவர் நடிகர் உதயரூபன். சோணைமுத்து, போட்டி நடிகர் செல்வமோகனின் ரசிகன். செல்லூரில் விசைத்தறி ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் ரோட்டுக் கிராமத்துக்கு வரும்போது, சம்பளத்தோடு செல்வமோகன் படமும் ஒன்று வாங்கி வந்து சுவரில் ஒட்டுவான்.

அந்த வாரம் அவன் வரவில்லை. சேதிதான் வந்தது. உதயரூபனின் புதுப்படம் வெளியாகும் அன்று விடியற்காலையில், தியேட்டர் வாசலில் நின்ற கட்-அவுட்டுக்கு மாலை போட ஏறி, சாரம் சறுக்கி விழுந்து செத்துப்போனான் என்றார்கள். கையில் மாலை இருந்ததாம். பேப்பரிலும் அப்படியே போட்டிருந்தது.

"செல்லூருக்குப் போனதும் பய கட்சி மாறிட்டான் போல" என்றது ஊர்.

முனியாயிக்கு அது பொறுக்கவில்லை. செத்தான் என்பதைக்கூட நம்ப முடிந்தது. மாலை போட்டான் என்பதை நம்ப முடியவில்லை. அவளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமலா மாறிப்போனான்?

காரியமெல்லாம் முடிந்த பிறகு அழகுமலை வந்தான். செல்லூர் உதயரூபன் ரசிகர் மன்றத் தலைவன்.

"ஆத்தா, நாளைக்கு உதயரூபன் அண்ணனே வீட்டுக்கு வாராரு" என்றான் முனியாயியின் தாய் ஒச்சாயியிடம். "தங்கச்சி படிப்ப அவரு பாத்துக்குவாரு. நீங்க ஒண்ணும் பேச வேணாம். கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

உதயரூபனுக்குச் சினிமாவுக்கு வெளியே ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசுவார். பேச்சோடு விடாமல் படிக்கவும் வைப்பார். முனியாயிக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. அதை நடத்த வேண்டிய சம்பளம்தான் அண்ணனோடு போய்விட்டது.

அழகுமலை போனதும் ஒச்சாயி சுவரிலிருந்த செல்வமோகன் படங்களை ஒவ்வொன்றாக உரித்து அடுப்பில் திணித்தாள்.

"அண்ணன் ஒட்டுனதும்மா" என்றாள் முனியாயி.

"ஒட்டுனவன் போயிட்டான். இருக்கறவ படிக்கணும்ல? ஏதோ ஆளு தெரியாம உதவுறேங்கிறாக. நாளைக்கு வாயத் தொறந்த, காலத்துக்கும் களைபறிதான்."

மறுநாள் தெருவே அடைத்துக்கொண்டு நின்றது. உதயரூபன் படத்தில் பார்த்ததைவிடக் குட்டையாக, முன்தலை ஏறிப்போய் இருந்தார்.

"யப்பா, இவரா? நம்ம தலையாரி மாதிரி இருக்காரு" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

நாற்காலியை ஒதுக்கிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். சொம்புத் தண்ணீரை வாங்கி முழுதும் குடித்தார். ஒச்சாயியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"தம்பிக்கு என் படத்துல எது ரொம்பப் பிடிக்கும்?"

ஒச்சாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாமே உசுருண்ணே" என்று முந்தினான் அழகுமலை.

"நீ இருப்பா. தங்கச்சி சொல்லட்டும்."

எல்லாக் கண்ணும் முனியாயி மேல் திரும்பின.

"உங்க ஒரு படத்தக்கூட விடமாட்டான் சார். மொத நாளே போயிருவான்."

அது பொய்யில்லை. போனது ஊளையிட.

உதயரூபனின் கண் கலங்கிவிட்டது. அழுகிற முகம் நிஜமாகவே பல் வலிக்காரன் முகம் மாதிரிதான் இருந்தது. "நீ டீச்சராகி வேலைக்குப் போற வரைக்கும் எல்லாச் செலவும் என்னோடதும்மா" என்றார். கூட்டம் கை தட்டியது. முனியாயிக்குக் கூசியது.

கார் போய், கூட்டம் கலைந்த பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த அழகுமலைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அண்ணே, எங்கண்ணன் உங்க மன்றத்து ஆளு இல்ல. செல்வமோகன் ரசிகன். வெவரம் தெரியாம உதவி பண்ணிட்டீக. ஏமாத்திப் படிக்கிற படிப்பு எனக்கு வேணாம்."

"அடி கெடுத்தாளே பாவி" என்று ஒச்சாயி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அழகுமலை பாயைச் சுவரோரம் சாய்த்தான்.

"எனக்கும் அவனுக்கும் அடுத்தடுத்த தறி, தங்கச்சி. அம்புட்டுத் தறிச் சத்தத்துலயும் தொண்டை கிழியச் சண்டை போடுவோம். எனக்குத் தெரியாதா அவன் யாரு ஆளுன்னு?"

"அப்ப மனசு மாறித்தான் மாலை போட ஏறுனானா?"

"அவனா மாறுவான்?" அழகுமலை வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "மாலை நான் கொண்டுபோனது. அவன் ஏறுனது எங்க ஆளு மூஞ்சியில சாணி அப்புறதுக்கு. நான் போறப்ப மூச்சில்ல, கையெல்லாம் சாணி. அந்தக் கோலத்துல கெடந்தா ஊரு சிரிக்கும்னு, தண்ணி ஊத்திக் கையச் சுத்தம் பண்ணிட்டு, மாலைய நான்தான் அவன் வெரல்ல மாட்டிவிட்டேன்."

அண்ணன் செத்த பிறகு முனியாயி முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்த வாக்கிலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

செல்லூரில் அவர்கள் தறி ஓட்டிய சந்து முனையில், 'சோணைமுத்து நினைவு உதயரூபன் ரசிகர் மன்றம்' என்ற பலகை இன்றைக்கும் அப்படியே தொங்குகிறது.