இன்னொரு ஆபரேஷன்

"எனக்கு வேணாம்டி. உள்ள போனதும் நானே சொல்லிடறேன். நீ நடுவுல பூந்து பேசாதே" என்றாள் அமுதம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார இடம் கிடைத்ததே பெரிய காரியமாக இருந்தது.

மகள் யாமினி பையைத் துழாவினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அம்மா வாங்காததால் தானே ஒரு வாய் குடித்து மூடி வைத்தாள்.

விடிந்ததும் செலியமேட்டில் கிளம்பி, பாகூரில் பஸ் மாறி வந்திருந்தார்கள். அமுதத்துக்கு இடது மார்பை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. மருந்து ஏற்றியது, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தது எல்லாம் முடிந்து, கொட்டிய முடிகூடத் திரும்ப முளைத்துவிட்டது. அலுப்பு மட்டும் போகவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் போதும், இடது கை வீங்கிக்கொள்ளும்.

புதுசாக மார்பு வைக்கலாம் என்ற பேச்சைக் கொஞ்ச நாளாக வீட்டில் கிளப்பிக்கொண்டிருந்தது யாமினிதான். சாப்பிட உட்கார்ந்தால் கேட்பாள், துணி மடித்தால் கேட்பாள்.

"ஏம்மா, கண்ணாடியில பாக்கும்போது உனக்கு இன்னா தோணுது?"

"தலை வாரலன்னு தோணுது."

"அப்பா எதுனா சொல்லிச்சா?"

"உங்கப்பா இன்னா சொல்லும்? கரும்பு வெட்ட ஆள் வரலன்னு சொல்லும்."

உண்மையில் தெய்வசிகாமணி ஒன்றுமே சொன்னதில்லை. கட்டுப் பிரித்த அன்று ஒருமுறை பார்த்தார். போர்வையை இழுத்து மூடிவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். அதற்கப்புறம் அவளும் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து உருட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்கிறாள். முதலில் அழுகை வந்தது. இப்போது அதற்குக்கூடச் சோம்பலாக இருக்கிறது.

இந்தப் பெண் ஏன் இப்படித் துளைக்கிறாள் என்று யோசித்ததில் அமுதத்துக்கு ஒரே காரணம்தான் பிடிபட்டது. பண்டசோழநல்லூரிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களுக்கு யாமினி இன்னும் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். பையனைப் பிடித்திருக்கிறது என்று முகத்திலேயே எழுதியிருந்தது. பிறகென்ன? சம்பந்திகள் முன்னால் அம்மா ஒரு பக்கம் சப்பையாக நிற்பது கூச்சமாக இருக்கிறது போல.

"மாப்ள வூட்டுக்காரங்க என் மாரையா பாத்துக்கினு இருக்கப் போறாங்க?" என்றாள் இப்போது, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல். "போனவ மாதிரி போவாம உசுரோட உக்காந்திருக்கேனே, அது பத்தாதா உனக்கு?"

போனவள் என்றது அவளுடைய அக்கா ஆண்டாளை. அதே நோய்தான். போன முறை வந்தபோது டாக்டரம்மா அந்த அக்கா கதையைத் துருவித் துருவிக் கேட்டார். குடும்பத்தில் வழிவழியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அம்மா, மகள் இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி என்றால் ரத்தம் எடுக்கத்தான் செய்வார்கள். அமுதம் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"கூப்டறாங்கம்மா, வா" என்று யாமினி எழுந்தாள்.

உள்ளே டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "வீட்ல பேசினீங்களா?"

"பேசியாச்சி டாக்டரம்மா. எனக்கு..." என்று அமுதம் ஆரம்பிப்பதற்குள், அவர் மேசை இழுப்பறையிலிருந்து வழவழவென்று ஒன்றை எடுத்து வைத்துவிட்டார்.

"சிலிக்கான்ல வெக்கறது இது. இல்லன்னா வயித்துச் சதையை எடுத்தே உருவாக்கலாம். அது பெரிய ஆபரேஷன், தழும்பு வயித்துலயும் இருக்கும். எதுவா இருந்தாலும் மார்பை எடுக்கற அன்னிக்கே சேர்த்து வெச்சிடலாம். வெக்காமயே விடறவங்களும் இருக்காங்க, அதுவும் தப்பில்ல. அவசரப்பட வேணாம், யோசிச்சு சொல்லுங்க."

எடுக்கிற அன்றைக்கேவா? எடுத்துத்தான் இரண்டு வருஷம் ஆயிற்றே! தினமும் எத்தனை பேரைப் பார்க்கிறார், யார் என்ன என்று மறந்திருப்பார் என்று அமுதம் நினைத்துக்கொண்டாள். அதைத் திருத்தவும் அவளுக்குத் தெம்பில்லை. மேசையில் இருந்ததை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தாள். நுங்கு மாதிரி நெளிந்தது.

"தொட்டா தெரியுமா டாக்டர்?" என்று கேட்டாள் யாமினி.

"முன்ன மாதிரி உணர்ச்சி இருக்காது. அதை மறைக்க விரும்பல."

"எப்ப வேலைக்குப் போலாம்?"

"போதும்டி, நிறுத்து" என்றாள் அமுதம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலைக்கு லீவு வேறு சொல்ல வேண்டுமா? "டாக்டரம்மா, கோச்சிக்காதீங்க. இன்னொரு தடவ அந்த மேசையில ஏறிப் படுக்க என்னால ஆவாது. இருக்கற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன். அதுல எனக்கு ஒண்ணும் கொறை இல்ல."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், கிளம்புவதற்கு.

"சரிம்மா. அது உங்க இஷ்டம்" என்றார் டாக்டரம்மா. ஆனால் அவர் பார்வை யாமினியை விட்டு நகரவில்லை.

யாமினி மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "ஒண்ணே ஒண்ணு டாக்டர். இதெல்லாம் பண்ணிட்டா... அப்புறம் கொழந்தைக்குப் பால் குடுக்கவே முடியாதா?"

அமுதத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரித்தே எவ்வளவோ நாளாகியிருந்தது. "இன்னாடி பேசற நீ? இந்த வயசுல நான் யாருக்குடி பால் குடுக்கப் போறேன்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. யாமினி அம்மாவின் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கில்லம்மா... எனக்கு. நோய் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துடறதுக்கு."