லீமாரோஸ், தகப்பனார் பெயர் வேதநாயகம்

“பட்டியல எல்லாருக்கும் காட்ட முடியாது பெரியவரே. அது சர்க்கார் காகிதம்.”

“செத்தவுக எங்க ஆளுக. காகிதம் மட்டும் சர்க்காரோடதா?”

வேதநாயகம் நிமிர்ந்து நின்றே கேட்டார். புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது. திருப்பாலைக்குடியிலிருந்து இராமநாதபுரத்துக்கு வந்து இந்த மேசை முன் நிற்பது நான்காவது தடவை. உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார்.

குமாஸ்தா முத்துராமலிங்கம் பேனாவை வைத்தார். “சொந்தக்காரவுகளுக்குக் காட்டலாம். போன தடவையும் கேட்டேன். லீமாரோஸ் உங்களுக்கு என்ன வேணும்?”

“தெரிஞ்ச பொண்ணு.”

“தெரிஞ்ச பொண்ணுக்கா நாலு தடவை பஸ் ஏறி வாரீக?”

வேதநாயகம் தோள் துண்டைச் சரிசெய்தார். ரயிலடியில் மூட்டை தூக்கும் ஒருவனோடு அவள் தனுஷ்கோடிக்குப் போன மறுநாளே தலைமுழுகியவர் அவர். மூன்று வருடமாக அந்தப் பெயர் வீட்டில் ஒலித்ததில்லை. இப்போது பின்னால் வரிசையில் ஊர்க்காரன் சூசைமுத்து வேறு நிற்கிறான்.

“எம் மக” என்றார், அவனுக்கும் கேட்கும்படி.

முத்துராமலிங்கம் காகிதக் கட்டை அவிழ்த்தார். அவர் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது.

“செத்தவுக பட்டியல்ல இல்ல.”

“நல்லாப் பாருங்க தம்பி.”

“இல்லைங்கறேன்ல.” அடுத்த கட்டைப் புரட்டியவர் நிறுத்தினார். “இந்தா, நிவாரண மனுவுல இருக்கு. போன மாசம் கைக்குழந்தையோட வந்திருக்கு. புருசனைக் கடல் கொண்டுபோயிருச்சுன்னு எழுதியிருக்கு.”

வேதநாயகம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “மாதாவே. இப்ப எங்கன இருக்கா?”

“தெரியலையே. அரிசி, துணி ஒண்ணும் குடுக்கலை. செத்த பொண்ணு பேரைச் சொல்லி ஏமாத்துறான்னு விரட்டிட்டோம்.”

“யாரு சொன்னா செத்துட்டான்னு?”

“உங்க ஊரு முன்சீப்புக்கு எழுதிக் கேட்டோம். இது வந்துச்சு.”

மனுவோடு குத்தியிருந்த பழைய காகிதத்தை முத்துராமலிங்கம் அவர் பக்கம் திருப்பினார். மூன்று வருடத்துக்கு முன் கிராம முன்சீப்புக்கு எழுதியது: ‘என் மகள் லீமாரோஸ் காய்ச்சலில் இறந்துபோனாள்.’

அடியில், சற்றும் வளையாத எழுத்தில், வேதநாயகத்தின் கையெழுத்து.