செத்த கேப்டன் குடித்த காபி

விண்வெளித் தொடரின் ரசிகர் மன்றத்தில் எல்லாருக்கும் அவர் புரொபசர். எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர் இல்லை. எதிரில் இருப்பவனை மக்கு என்று முடிவுகட்டிவிட்டுப் பேசும் தோரணையால் வந்த பெயர்.

அன்று புதிதாக வந்திருந்த கண்ணாடிக்காரன் தயங்கித் தயங்கி எழுந்தான்.

"போன சீசன்ல கேப்டன் கப்பலோட வெடிச்சுச் செத்துட்டாரு. அடுத்த வாரமே அதே கப்பல்ல உட்கார்ந்து காபி குடிக்கிறாரு. கொஞ்சம் இடிக்குதுங்களே?"

மேடையில் இருந்த புரொபசர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உனக்கெல்லாம் அழுகை சீரியல் இருக்கேப்பா, இங்க எதுக்கு வந்தே? அது காலச்சுழல்! செத்தவன் தன் சாவுக்கு முன்னாடி போய் உட்கார்ந்திருக்கான். அந்தக் காபியில ஆவி வரலையே, கவனிச்சியா? கண்ணாடி எதுக்குப் போட்டிருக்கே, அழகுக்கா?"

முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. காலச்சுழலை விளக்கி அவர் எழுதிய புத்தகம், அன்றைய வெளியீட்டுக்காக மேஜைமேல் அடுக்கடுக்காகக் காத்திருந்தது.

கண்ணாடிக்காரன் மேடையேறி அவர் காதோரம் குனிந்தான்.

"தொடர் ஓடுற டிவியில எபிசோடை வரிசையா ஏத்துறவன் நான்தாங்க. அந்த ரெண்டையும் முன்னபின்ன மாத்திப் போட்டுட்டேன். அடுத்த வாரம் மறுஒளிபரப்புல சரிபண்ணிடறோம்."

புரொபசர் மேஜைமேல் இருந்த புத்தக அடுக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னவாம் புரொபசர்?" முன்வரிசை கேட்டது.

"இப்பதான் புரியுதாம்" என்று சத்தமாகச் சொன்னவர், கண்ணாடிக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு குரலை இறக்கினார்.

"சார்... மறுஒளிபரப்புலயும் அப்படியே மாத்திப் போட்டுட முடியுங்களா?"