ஃபோர்வென்ட்

ஆலையின் புகைபோக்கிக்குப் பெயின்ட் அடிக்கும்போது விழுந்து செத்த சூசையின் மனைவி அமலியிடம், மேலாளர் ரகோத்தமன் ஆங்கிலத்தில் இருந்த விசாரணை அறிக்கையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். படித்துப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். பன்னிரண்டாவது வரை படித்தவள். ஒரே ஒரு சொல்தான் இடித்தது. தொழிலாளி பாதுகாப்பு பெல்ட்டை 'ஃபோர்வென்ட்' என்றிருந்தது. மகளின் ஆங்கில டீச்சரிடம் போய்க் கேட்டாள்.

"ஃபோர்கோங்கிறதோட இறந்தகாலம்ங்க. இப்பல்லாம் யாரும் அதிகமா எழுதறதில்லை. கிடைக்கிறதைத் தானாவே வேண்டாம்னு விட்டுட்டாருன்னு அர்த்தம்."

மறுநாள் காலை அமலி ஆலைக்குப் போய் அறிக்கையை ரகோத்தமனின் மேசையில் வைத்தாள்.

"எந்த பெல்ட்டை சார் அவர் வேண்டாம்னாரு? அதைக் கொஞ்சம் காட்டுங்க."

"பெல்ட் போடலைன்னுதாம்மா சொல்லியிருக்கு. சும்மா ஒரு வார்த்தை."

"போடலைன்னு எழுத உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதா? வேண்டாம்னு சொல்லணும்னா முதல்ல யாராவது குடுத்திருக்கணும். இடுப்புல தேங்காய்நார்க் கயிறைக் கட்டிக்கிட்டுத்தான் அவர் ஏறினாரு. அந்தக் கயிறோடதான் பொணத்தைக் குடுத்தீங்க."

ரகோத்தமன் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். தாள் கிழிகிற மாதிரி அவள் அந்தச் சொல்லை அடித்தாள். அதன் மேலே தமிழில், 'பெல்ட் கொடுக்கவே இல்லை' என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்ப நீங்க போடுங்க சார்" என்றாள்.